இருபத்தேழு வருட வேதனை: மச்சானுக்கு எழுத்து மூலம் விளக்கம்

கம்பம்,
புதன்கிழமை காலை.

மேகமலைக் குளிரிலும் என் மேலுள்ள சூடு தணியாத அன்புள்ள மச்சான் சுருளிராஜன் அவர்களுக்கு, கம்பம் வாழைக்காய் மண்டி கர்ணன் வணங்கி எழுதுவது. இங்கே என் இடது காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சி சொர்ணலதாவும் மருமகள் ஓவியாவும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தங்கை ராக்கம்மாள் சுகமா என்று விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்பது தெரியாததால் அதை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஒரு ஜீப் என் காலை உடைத்தது. ஆஸ்பத்திரியில் நான் சொன்ன ஒரு வார்த்தை என் நஷ்டஈட்டுக் கேஸை உடைத்தது. உங்கள் தங்கை கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி அந்தக் கேஸை நிமிர்த்தி வைத்தாள். போன சனிக்கிழமை பணம் பேசி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை பஸ்ஸுக்கு அவள் பெட்டியோடு கிளம்பி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்தக் கடிதம் அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பதற்காக.

நேரில் வந்து பேசியிருப்பேன். சின்னமனூரிலிருந்து மேலே ஏறும் அந்த ரோட்டில் என் காலுக்குள் இருக்கும் பிளேட்டும் எட்டு ஸ்குரூவும் தனித்தனியாகக் கழன்று விழுந்துவிடும் என்பதால் வரவில்லை. போனில் பேசலாம் என்றால் உங்கள் எஸ்டேட்டில் டவர் இருக்கும் நேரம் நீங்கள் எடுப்பதில்லை, நீங்கள் எடுக்கும் நேரம் டவர் இல்லை. அதோடு உங்கள் எஸ்டேட் ஜீப் டிரைவரிடம் நீங்கள் சொல்லியனுப்பிய செய்தியும் நேற்று வந்து சேர்ந்தது. "வாய்ப்பேச்செல்லாம் வேண்டாம்னு சொல்லு. அவரு பேசுனா எலந்தப் பழத்த ஏலக்காய்னு வித்துப்புடுவாரு. எதுனாலும் எழுத்துல குடுக்கச் சொல்லு" என்று சொன்னீர்களாம். முப்பது வருஷ வியாபாரத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதையும் சேர்த்துக்கொண்டேன். எழுத்தில் தருகிறேன். ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் மொத்தமும் போய்விடும் என்பதை இந்தக் கேஸில்தான் படித்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஓணத்துக்கு ஏழு நாள் முன்னால், நூறு தார் நேந்திரன் காயைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. டிரைவரை ஓரங்கட்டச் சொல்லி நான் இறங்கி, முன் பம்பர் கொக்கியில் கயிற்றை இழுத்துக் கட்டினேன். எனக்கு முன்னால் ஏற்றத்தில் ஒரு ஜீப், ஏலத்தோட்டத்துக்குப் போகும் பொம்பளையாட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. அந்த ஜீப் என்ன நினைத்ததோ, மேலே போகாமல் பின்னால் வந்தது. அவசரமாக வரவில்லை மச்சான், தெரிந்தவரைப் பார்த்துக் கிட்டே வருவது போல நிதானமாக வந்து என் இடது காலை என் பம்பரோடு சேர்த்து நெருக்கியது. ஓட்டியவன் சின்னக்கருப்பு, நம் பக்கத்துப் பையன்தான். இறங்கி ஓடிவந்து, "அண்ணே, பின்னாடி நீங்க நின்னத நான் பாக்கலண்ணே" என்று அழுகிறான். "ஏலே, பின்னாடி நிக்கல, நடுவுல இருக்கேன், முதல்ல வண்டிய முன்னால எடுலே" என்றேன். அவன் அவசரத்தில் சாவியைக் கீழே போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தான். கடைசியில் அந்தப் பொம்பளையாட்கள் ஒன்பது பேரும் இறங்கி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பைத் தள்ளி என்னை எடுத்தார்கள். ஓணத்து லோடு ஒரு மணி நேரம் தாமதித்தால் விலை இறங்கும் என்பதால் பிக்கப்பை டிரைவரோடு மேலே அனுப்பிவிட்டு, என்னை இடித்த அதே ஜீப்பில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அந்தப் பொம்பளையாட்களில் ஒருத்தி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடாதீகண்ணே, வெல என்ன போகுது நேந்திரன், சொல்லுக" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நல்ல விவரமான பொம்பளை. விலை கேட்டால் நான் மயங்கமாட்டேன் என்று எப்படித்தான் தெரிந்ததோ.

கிட்டத்தில் இருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மூன்று நாள் அங்கே இருந்தேன். அப்புறம்தான் தேனிக்குக் கொண்டுவந்து பிளேட் வைத்தார்கள். கோளாறு நடந்தது அந்த மூன்று நாளில், இரண்டாம் நாள் காலை. ராக்கம்மாள் முதல் நாள் மத்தியானமே வந்துவிட்டாள். வந்ததிலிருந்து, தார்ப்பாய்க் கயிற்றைக் கம்பத்திலேயே ஒழுங்காகக் கட்டியிருந்தால் இறங்கவேண்டியிருந்திருக்காது, இறங்காவிட்டால் கால் போயிருக்காது என்று ஒரே பாட்டு. நியாயம்தான். ஆனால் நியாயத்தை ஒரு தடவை கேட்டால் போதாதா? காலையில் அவள் கஞ்சி வாங்கக் கீழே போன சமயத்தில் ஒரு மலையாள நர்ஸ், வயசுப் பொண்ணு, ஒரு ஃபாரத்தோடு வந்தாள். பெயர், ஊர், சுகர், பிரஷர் எல்லாம் கேட்டாள். எனக்கு மலையாளம் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷமாகக் கோட்டயம் வரை காய் விற்றவன். அந்தப் பொண்ணு, "தமிழில் பறயாம் சேட்டா" என்று எவ்வளவோ சொன்னாள். நான்தான், "வேண்டா, வேண்டா, மலையாளம் மதி" என்று, மலையாளமே போதும் என்று, பெரிய மனுஷத்தனம் பண்ணினேன். மச்சான், என் மலையாளம் மண்டி மலையாளம். எடை, விலை, எண்ணிக்கை, ஏமாத்தாதே, இவ்வளவுதான் அதில் உண்டு. ஆஸ்பத்திரி அதில் கிடையாது.

அவள் கேட்டாள்: "சேட்டா, வேதன எத்ர நாளாயி?"

நான் படுக்கையை விட்டுத் தலையைத் தூக்கி அந்தப் பொண்ணை ஒரு நிமிஷம் பார்த்தேன். வந்த நாளிலிருந்து ராக்கம்மாள் போட்ட சத்தம் அவள் காதிலும் விழுந்திருக்கிறது, அதனால்தான் இப்படிப் பரிவாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளைகூட என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. "இருபத்தேழு வர்ஷம் ஆயி மோளே" என்றேன்.

அவள் பேனாவை நிறுத்தி, "இருபத்தேழோ?" என்றாள். "இருபத்தேழு" என்று விரலையும் காட்டினேன். "எப்போழும் உண்டோ, அதோ இடய்க்கிடே வருமோ?" "எப்போழும் உண்டு." "ராத்ரி கூடுதலாணோ?" "ராத்திரி கூடுதல். பகல்ல நான் மண்டிக்குப் போயிருவேன், அப்பக் கொஞ்சம் கொறவு." "மருந்து வல்லதும் கழிச்சோ?" ஏதாவது மருந்து சாப்பிட்டேனா என்கிறாள். "இதுக்கு எங்கே மோளே மருந்து?" அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, போகும்போது, "பாவம்" என்றாள். நாங்கள் பேசியதில் ரெண்டு பாஷைக்கும் சரியாகப் பொருந்தியது அந்த ஒரு வார்த்தைதான்.

அதற்கப்புறம் ஆப்பரேஷன், ஆறு மாசப் படுக்கை, வாக்கர், கம்பு. தேனியில் யுவராணி என்று ஒரு வக்கீலம்மா, சின்ன வயசு, நல்ல சூட்டிகை, அவர் மூலமாகப் பதினைந்து லட்சம் கேட்டுக் கேஸ் போட்டோம். ஜீப்புக்கு இன்ஷூரன்ஸ் இருந்ததால் பணம் தரவேண்டியது கம்பெனி, சின்னக்கருப்பு இல்லை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வக்கீலம்மா என்னை உடனே கிளம்பி வரச் சொன்னார். துணைக்குப் பக்கத்துக் கடை ஷேக் மைதீன் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். வக்கீலம்மா முகத்தில் ஈயாடவில்லை. கம்பெனி கொடுத்த பதிலை எடுத்து வாசித்தார்: மனுதாரர் இருபத்தேழு ஆண்டுகளாக இடது முழங்காலில் இடைவிடாத வலி உள்ளவர், இரவில் வலி அதிகம், சிகிச்சை எதுவும் எடுக்காமல் அலட்சியமாக இருந்துள்ளார், இதை அவரே ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார், எனவே அவருடைய ஊனம் பழைய வியாதியால் வந்தது, விபத்தால் வந்ததல்ல, போனால் போகிறதென்று ரெண்டு லட்சம் தருகிறோம்.

"என்னண்ணே இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றார் வக்கீலம்மா. "எனக்கு முட்டி வலியே கிடையாதும்மா" என்றேன். "அப்ப எதுக்கு நர்ஸ்கிட்ட இருபத்தேழு வருசமா வேதனைன்னு சொன்னீங்க?" அதைக் கேட்டதும் ஷேக் மைதீன் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் பெண் கொடுத்திருப்பது ஈராட்டுப்பேட்டையில், அவருடையது வீட்டு மலையாளம். "அட கூறுகெட்ட கர்ணா, அவுக பாஷையில வேதனன்னா ஒடம்பு வலிய்யா. கால் எம்புட்டு நாளா வலிக்குதுன்னு அந்தப் புள்ள கேட்டிருக்கு. நீ எதச் சொன்ன?" நான் எதைச் சொன்னேன் என்று அவருக்கும் வக்கீலம்மாவுக்கும் விளக்கினேன். வக்கீலம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பதறிவிட்டேன். நிமிர்ந்தபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு ஆளை வாழைக்காய் வாங்குகிறவன் மாதிரி மண்டிக்கு அனுப்பி விசாரித்திருக்கிறார்கள். நம் லோடுமேன் ராக்கையா இருக்கிறானே, விசுவாசமான பயல், வந்த ஆள் இன்ஷூரன்ஸ் என்று மோப்பம் பிடித்துவிட்டான். முதலாளிக்கு வியாதி எவ்வளவு ஜாஸ்தி சொல்கிறோமோ அவ்வளவு பணம் ஜாஸ்தி வரும் என்று அவனாக ஒரு கணக்குப் போட்டு, "மொதலாளியா? அவுக சின்னப் பிள்ளையிலயே நொண்டிதானய்யா. அந்தக் கால வச்சுக்கிட்டு அவுக படாத பாடு உண்டா" என்று சொல்லியிருக்கிறான். ஏன்டா இப்படி என்று கேட்டால், "ஒங்களுக்காகத்தானே மொதலாளி கூடச் சொன்னேன்" என்கிறான். அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. எடை போடும்போது இதே மாதிரி கூட்டிச் சொல்லித்தான் எனக்குப் பல நாள் லாபம் பண்ணிக் கொடுத்திருக்கிறான்.

வக்கீலம்மா அப்போது சொன்ன விஷயம் இருக்கிறதே, அதைக் கேட்டு நான் துள்ளிக் குதித்திருப்பேன், கால் விடவில்லை. "பழைய வியாதி இருந்தா நஷ்டஈடு கெடையாதுன்னு எங்கயும் இல்லண்ணே. இடிச்ச ஆளு, இடி வாங்குன ஆளு எப்படி இருந்தாரோ அப்படியேதான் ஏத்துக்கணும். ஏற்கெனவே தேஞ்ச முட்டி ஜீப்பால இன்னும் கெட்டுச்சுன்னா, கூடக் கெட்டதுக்கு அவங்க தந்தாகணும். ஆனா பழசு எது, புதுசு எதுன்னு நாம பிரிச்சுக் காட்டணும். ஒண்ணும் இல்லேன்னு மறைச்சு, அது வெளிய வந்துச்சுன்னா, உண்மையா பட்ட அடியக்கூட நம்ப மாட்டாங்க" என்றார். மச்சான், இது எனக்குத் தெரியாத சட்டமா? முப்பது வருஷமாக நான் பிழைப்பதே இந்தச் சட்டத்தில்தானே. லோடு போய் இறங்கியதும் அங்கே மண்டிக்காரன் காயைக் கட்டைவிரலால் அமுக்கி, "இது தோட்டத்துலயே கறுத்த காய்" என்பான். "இல்ல, உன் ஆள் இறக்கும்போது அடிபட்டது" என்பேன் நான். பழைய கறுப்பு காம்புப் பக்கம் இருக்கும், அமுக்கினால் கெட்டியாக இருக்கும்; புது அடி நடுவில் இருக்கும், கொழகொழவென்று அமுங்கும். ரெண்டும் ஒரே காயில் இருந்தால் பழசுக்கு நான் பொறுப்பு, புதுசுக்கு அவன் பொறுப்பு என்று பிரித்து விலை போடுவோம். இப்போது நானே காயாகிவிட்டேன், கம்பெனி டாக்டர் கட்டைவிரலோடு நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"சரி, உண்மையிலேயே பழசு ஏதாச்சும் இருக்கா? சுகர்?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். "கொஞ்சம்னா?" "இருநூத்தி எம்பது." "அதயும் சொல்லிருவோம். சுகர்னாலதான் எலும்பு லேட்டாக் கூடுச்சும்பாங்க. சுகர் உள்ள ஆளுன்னு பாத்து ஜீப் மெல்லவா இடிச்சுச்சுன்னு நான் கேட்டுக்கிறேன்." எனக்கு அந்தப் பொண்ணை மண்டியில் உட்கார வைத்துவிடலாமா என்று தோன்றியது. கடைசியாக, "அண்ணே, வேதனைக்கு நீங்க கூண்டுல நின்னு அர்த்தம் சொல்லணும். அக்காவும் வந்து முட்டி வலி இல்லேன்னு சாட்சி சொல்லணும். அதுக்கு முன்னாடி வீட்டுல அக்காகிட்ட விசயத்த நீங்களே பக்குவமா சொல்லிருங்க" என்றார். சொல்லத்தான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன், அவள் இன்னொரு கரண்டி போடுவாள். சோற்றைப் பார்த்ததும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன். இப்படியே கோர்ட்டு நாள் வந்துவிட்டது. இது என் தப்பு. எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் என்னை ஏற்றினார்கள். சாட்சி சொல்ல வேண்டியவள் உள்ளே இருக்கக்கூடாது என்று ராக்கம்மாளை வெளி வராந்தாவில் ஷேக் மைதீன் பாயோடு உட்கார வைத்திருந்தார்கள். கம்பெனி வக்கீல் நரைத்த ஆள், பொறுமையாகக் கேட்டார். "இருபத்தேழு வருசமா வேதனைன்னு சொன்னது நீங்கதானே?" "நான்தான் சார்." "அது எப்ப ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா?" "இருக்கு சார். தை மாசம், வளர்பிறை, ஒம்போதுல இருந்து பத்தரைக்குள்ள." அவர் சந்தோஷமாக ஜட்ஜைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு துல்லியமாச் சொல்றீங்களே, அன்னைக்குக் கீழ விழுந்தீங்களா?" "விழுந்தேன் சார். பெரியவுக எல்லாரு கால்லயும்." ஜட்ஜ் எழுதுவதை நிறுத்தி, "அன்னைக்கு என்ன நடந்துச்சுய்யா?" என்றார். "எனக்குக் கல்யாணங்கய்யா" என்றேன். பிறகு மலையாளத்து வேதனை முட்டியில் இருக்கும், நம்ம வேதனை மனசில் இருக்கும் என்று வித்தியாசத்தையும் எடுத்துச் சொன்னேன். கோர்ட்டு ஹால் சிரித்த சிரிப்பில் மேலே இருந்த புறா ரெண்டு பறந்தது. வெளியே உங்கள் தங்கை, "என்ன பாய், உள்ள ஒரே சிரிப்பாக் கெடக்கு?" என்று கேட்க, பாய் ஜன்னலோரம் நின்று கேட்டதை ஒரு எழுத்து விடாமல் சொல்லிவிட்டார். "நான் பொய் சொல்ல மாட்டேன்ல கர்ணா" என்று இன்றைக்கும் என்னிடம் பெருமையடித்துக்கொள்கிறார்.

அந்தச் சூட்டோடு அவளைக் கூப்பிட்டார்கள். மச்சான், கூண்டில் ஏறியபோது அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் பதினைந்து லட்சம் அவள் முந்தானையில் இருக்கிறது, அவள் ஒரு உதறு உதறினால் போச்சு. "ஒங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலி இருந்ததே இல்லைன்னு எப்படிம்மா உறுதியாச் சொல்றீங்க?" என்று கேட்டார் வக்கீல். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் பெருமைப்பட வேண்டும்: "அய்யா, இவுகளுக்குத் தல வலிச்சா எங்க தெருவுக்கே தெரியும். போன வருசம் சுண்டு வெரல்ல வாழ நாரு கீறுனதுக்கு மூணு நாளு படுத்துக்கிட்டு, சொத்த யாரு பேருல எழுதலாம்னு எங்கிட்டக் கேட்டாக. அப்பேர்ப்பட்ட மனுசன் இருபத்தேழு வருசம் ஒரு முட்டிய வலிக்க விட்டுட்டு வாயத் தொறக்காம இருப்பாகளா? வருசா வருசம் சித்திரையில கம்பத்துல இருந்து வீரபாண்டி கோயிலுக்கு நடந்தே போவாக. ஜீப்பு இடிச்சதுல இருந்து ரெண்டு வருசமா பஸ்ஸுல போறாக, அதுலயும் சன்னலோரம் வேணும்."

"அப்ப இருபத்தேழு வருச வேதனைன்னு எழுதியிருக்கே, அது என்னம்மா?"

"அது நான்தாங்கய்யா. என்னையும் எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணுமா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவள் விடவில்லை. "அந்தப் பழசுக்குக் கம்பெனி ஒண்ணும் தர வேண்டாம். அத நான் பாத்துக்கிறேன். கால் ஒடஞ்சதுக்கு மட்டும் குடுங்க" என்றாள். பழசு, புதுசு பிரிப்பது பற்றி யுவராணி எனக்கு அரைமணி நேரம் நடத்திய பாடத்தை இவள் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள். ஜட்ஜ் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, "பழைய வேதனை இந்த மனுவுல சேராது" என்றார்.

அன்றோடு கம்பெனி இறங்கி வந்தது. சனிக்கிழமை மக்கள் நீதிமன்றத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பேரம் பேசுவதென்றால் எனக்குக் கால் வலிகூட மறந்துவிடும். ஒவ்வொரு அயிட்டமாக எடுத்து, வேண்டாததில் விட்டுக்கொடுத்து, வேண்டியதில் பிடித்து, ரெண்டு லட்சத்தில் நின்ற கம்பெனியை ஆறேமுக்கால் லட்சத்துக்கு ஏற்றிவிட்டேன். சுகருக்காகக் கொஞ்சம் கழித்தார்கள். நியாயமான கறுப்பு, ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை ராக்கம்மாள் கையில் கொடுத்து, சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். நின்றபடி முழுசும் வாசித்தாள். வைத்தாள். அடுப்படிக்குப் போனாள். மறுநாள் காலை போய்விட்டாள். சாட்சி சொன்ன நாளிலிருந்து மூன்று வாரம் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அந்த வார்த்தையை மனசுக்குள்ளேயே பழுக்கப் போட்டு, பணம் கைக்கு வரட்டும் என்று எனக்காகப் பொறுத்திருந்து பிறகு கிளம்பியிருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். நாலு நாளாக ஷேக் மைதீன் பாய் வீட்டுச் சாப்பாடு. நல்ல சாப்பாடுதான், ஆனால் யாரும் என்னைத் திட்டாமல் பரிமாறுகிறார்கள், இறங்க மாட்டேன் என்கிறது.

ஆகவே மச்சான், நான் தருவதாகச் சொல்வது இவ்வளவு. இனி என் ஆயுசுக்கும் வேதனை என்ற வார்த்தையை எந்தப் பாஷையிலும் சொல்லமாட்டேன். மலையாளம் மண்டியோடு சரி. ஆஸ்பத்திரியில் யார் என்ன கேட்டாலும் ராக்கம்மாளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். நான் கோர்ட்டில் சொன்னது வெறும் பேச்சு என்று மண்டியில் பத்துப் பேர் முன்னால் சொல்கிறேன், வேண்டுமானால் ராக்கையாவை விட்டுச் சொல்லச் சொல்கிறேன், அவன் கூட்டியே சொல்லுவான். வரும் தை மாசம் கல்யாண நாளுக்கு அவள் கேட்கிற பட்டு, விலை பார்க்காமல். இது என் முதல் பேச்சு. நீங்கள் பெரியவர், பார்த்து ஏற்றி இறக்கிச் சொன்னால் கட்டுப்படுகிறேன். பட்டில் மட்டும் ரொம்ப ஏற்றிவிட வேண்டாம்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. மருமகள் ஓவியா நன்றாகப் படித்து வக்கீலாக வரட்டும், நம் குடும்பத்துக்குத் தேவைப்படுகிறது. உங்கள் தேயிலைக் கொழுந்து நிறையட்டும், அட்டை கடிக்காமல் இருக்கட்டும். சீப்பு ஒன்று கூடக் கழியாமல் வாழைத்தார் இறங்குவது போல உங்கள் வீட்டில் எல்லா நல்லதும் முழுசாக இறங்கட்டும். உங்கள் தங்கையை அடுத்த பஸ்ஸில் அனுப்பி வைத்தால் உங்கள் காலில் விழுவேன், குனிய முடியாததால் மனசால்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் என்றே இன்னமும் கையெழுத்துப் போடும்,
கர்ணன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ராக்கம்மாளே டவர் கிடைக்கும் வளைவுக்கு நடந்து வந்து போன் பண்ணிவிட்டாள். "அண்ணனுக்குக் கடுதாசி எழுதுறீகளாமே, எதுக்கு?" என்றாள். "அந்த வேதனை விஷயமா மன்னிப்புக் கேட்டு" என்றேன். "அதுல என்ன இருக்கு? எனக்கும் அதே இருபத்தேழு வருசந்தானே. அந்த நர்சு என்னையக் கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். "பெறகு எதுக்கு ஆத்தா போன?" என்றேன். "அந்தத் தாள எடுத்து நாலாவது வரிய வாசிங்க" என்றாள். வாசித்தேன். மனுதாரருக்கு உதவிக்கு இருந்த ஆள் கூலி, நாள் ஒன்றுக்கு இருநூறு ரூபாய், நூற்றெண்பது நாள். "ஆறு மாசம் ஒங்களத் தூக்கி ஒக்கார வச்சு, பெட்பேன் எடுத்து, மண்டியில நின்னு லோடும் ஏத்தி அனுப்புன அந்த ஆளு யாரு?" "நீதான்" என்றேன். "ராக்கையாவுக்கு நாளுக்கு எண்ணூறு. எனக்கு எரநூறா? வக்கீலம்மாகிட்டக் கேட்டேன். அவுக எண்ணூறுதான் போட்டிருந்தாகளாம். 'வீட்டு ஆளுதானே, இதுல கொறச்சுக்கங்க, வேற எதுலயாச்சும் ஏத்துங்க'ன்னு சொன்னது நீங்களாமே." சொன்னது நான்தான் மச்சான். அது நல்ல வியாபாரம் என்று இன்று காலை வரை நினைத்திருந்தேன். அறுநூறு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "எனக்கு டவர் போகப் போகுது" என்றாள். ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு, சத்தியம், பட்டுப்புடவை எதுவும் செல்லாது. அவளோடு பேசி முடிந்தது இது: நாள் ஒன்றுக்கு எண்ணூறு ரூபாய், நூற்றெண்பது நாளுக்கு ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம், வெள்ளிக்கிழமைக்குள் அவள் பேர் அக்கவுண்டில், பணம் ஏறியதும் சனிக்கிழமை பஸ், டிக்கெட் என் செலவு.